நல்ல பூஞ்சையை வேருக்குப் பழக்குவது: மிளகாய்ப் பாலிபேக் முதல் செம்பனைக் கன்று வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மேட்டு நிலத்தைத் தோண்டினால் மண் மஞ்சளும் சிவப்புமாக வரும். புளிப்பு மண், பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கும். இரும்பும் அலுமினியமும் இதில் அதிகம். நாம் போடும் பாஸ்பேட்டை அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உரம் மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. மிளகாய்க் கன்று ஒரு சாண் உயரத்தில் நின்றுபோகும், முதிர்ந்த இலையின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம் காட்டும். அதைப் பார்த்ததும் இன்னொரு கைப்பிடி பச்சை உரத்தை (என்.பி.கே. 15:15:15) போடுவோம். அதையும் மண்ணே விழுங்கும்.

வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் பாஸ்பேட்டைத்தான் வேரால் எடுக்க முடியும். எடுத்து முடித்தால் அந்த வட்டம் காலி. தள்ளி இருப்பது தானாக நகர்ந்து வராது. மைக்கோரைசா என்கிற வேர்ப்பூஞ்சை உதவுவது இந்த இடத்தில்தான். பாதி உடம்பை வேருக்குள்ளும் மீதியை மண்ணிலும் வைத்து வாழ்கிற பூஞ்சை இது. இதன் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. வேர் நுழையாத இடுக்கில் நுழைந்து, சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பாஸ்பேட், துத்தநாகம், செம்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து வேரின் செல்லுக்குள் இறக்கும். கூலியாக, இலை தயாரித்த சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். உயிருள்ள வேர் இல்லையென்றால் கூலியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை.

உரக்கடையில் இதன் பக்கத்திலேயே டிரைக்கோடெர்மா பாக்கெட்டும் இருக்கும். இரண்டும் நல்ல பூஞ்சைதான், ஆனால் குணம் நேர்மாறு. டிரைக்கோடெர்மாவுக்கு உயிர்வேர் தேவையில்லை. மட்கும் சாணம், செத்தை, சோறு என்று எதிலும் வளரும். மண்ணில் உள்ள மற்ற பூஞ்சைகளைச் சுற்றிவளைத்துத் தின்னும். அதனால் மைக்கோரைசாவை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்துப் ‘பெருக்குவது’ வீண் வேலை. டிரைக்கோடெர்மாவைச் சாப்பாடே இல்லாத வெறும் மணலில் தூவுவதும் அப்படித்தான். ‘போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற குறைகளில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்திலிருந்து வருகிறது.

எந்தச் செடிக்குப் போடலாம்

மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டை, பயற்றங்காய், சோளம், வெங்காயம், வாழை, பப்பாளி, மல்லிகை, ரம்புத்தான், பால்மரம் (ரப்பர்), செம்பனை (எண்ணெய்ப் பனை) எல்லாம் மைக்கோரைசாவோடு சேரும். எலுமிச்சைக் குடும்பத்துக்கும் மரவள்ளிக்கும் இது மிகவும் வேண்டும். மரவள்ளியின் வேர் தடித்தது, தூவி குறைவு, பூஞ்சை இல்லாமல் ஏழை மண்ணில் திணறும்.

சேராதவையும் உண்டு. சாவிக் கீரை, கைலான் கீரை, கோஸ், முள்ளங்கி, கடுகு என்று கடுகுக் குடும்பம் முழுவதும் இந்தப் பூஞ்சையை உள்ளே விடாது. பாயம் கீரையிலும் பலன் எதிர்பார்க்க வேண்டாம். கீரைப் பாத்திக்கு மைக்கோரைசா வாங்குவது காசைக் கரைப்பது. அந்தக் காசுக்கு நல்ல மட்கு வாங்கலாம்.

பாக்கெட்டில் ‘எண்டோ’, ‘எக்டோ’ என்று இரண்டு வகை சேர்த்து அச்சடித்திருந்தால், நமக்கு வேண்டியது எண்டோ மட்டுமே. எக்டோ வகை மெராந்தி, குருயிங் போன்ற காட்டு மரங்களுக்கும் பைன் மரத்துக்கும் உரியது. ஆர்க்கிட்டுக்கு வேண்டிய பூஞ்சை இந்த இரண்டிலும் சேராத தனி இனம். வாசலில் தொங்கும் ஆர்க்கிட் தொட்டியில் இந்தத் தூளைக் கொட்டினால் தொட்டிதான் அழுக்காகும்.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்: காலாவதித் தேதி, கிராமுக்கு எத்தனை ஸ்போர் (பூஞ்சையின் வித்து) என்ற எண், பூஞ்சையின் பெயர், கடையில் அது இருந்த இடம். குளோமஸ், ரைசோபாகஸ், அக்கௌலோஸ்போரா என்று ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். ‘நன்மை செய்யும் நுண்ணுயிர்’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே வெயிலில் காய்ந்த பாக்கெட்டும் வேண்டாம்.

பாலிபேக்கில் போடும் முறை

நாற்றுப்பண்ணைகளில் வழக்கமான கலவை 3:2:1. மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மட்கு, ஒரு பங்கு மணல். நம் காரியத்துக்கு இந்தக் கலவையே போதும், ஒரு திருத்தத்தோடு. அந்த இரண்டு பங்கு மட்கு கோழி எருவாக இருக்கக் கூடாது. கோழி எருவில் பாஸ்பேட் மிக அதிகம். பாஸ்பேட் பசியில் இருக்கும் வேர்தான் பூஞ்சையைக் கூப்பிடும்; அந்த அழைப்பு ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற ரசாயனம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்த வேர் கூப்பிடாது, பூஞ்சை வாசலில் வந்து நின்றாலும் சேர்க்காது. ஆகவே நன்றாக மட்கிய மாட்டுச் சாணமோ, மில்லிலிருந்து வரும் செம்பனை வெறுங்குலையை மட்க வைத்ததோ போடுங்கள். தண்டான் கோசோங் என்கிற இந்த வெறுங்குலையைப் பச்சையாக நறுக்கிப் போட்டால் அது மட்கும்போது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், கன்று வெளிறும்.

16-க்கு 16 அங்குலப் பாலிபேக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜி.எம்.எல். (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்). அதைக் கலவையில் கலந்து, ஈரமாக்கி, இரண்டு வாரம் அப்படியே விட்ட பிறகுதான் நடவு.

பூஞ்சையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. இது மண்ணில் நீந்திப் போய் வேரைத் தேடாது. வேர் வந்து அதைத் தொட வேண்டும். விதைத்தட்டில் குழிக்குக் கால் தேக்கரண்டி, விதைக்கு 2 சென்டிமீட்டர் கீழே வைக்கவும். மாற்றி நடும்போது குழி தோண்டி, அடியிலும் பக்கச் சுவரிலும் சேர்த்து இரண்டு தேக்கரண்டி, சுமார் 10 கிராம், தூவுங்கள். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். பிறகு நாற்றைத் தட்டிலிருந்து எடுத்து, வேர்க்கட்டியின் ஈரப் பக்கங்களைக் கையில் மிச்சமுள்ள தூளில் மெல்ல ஒற்றுங்கள். வெள்ளை வேர்நுனியில் மணல் போல் அது ஒட்டும். ஒட்டியதைப் பார்த்தபின் குழியில் இறக்கி, மண் தள்ளி, விரலால் அழுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண்ணில் தூவித் தண்ணீர் தெளிப்பதால் பயன் இல்லை; அது அங்கேயே காய்ந்துபோகும்.

ஏற்கெனவே நிற்கும் கறிவேப்பிலை, எலுமிச்சை மரத்துக்கு: கிளை பரவியிருக்கும் விளிம்புக்கு நேர் கீழே, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆறேழு துளைகள். மெல்லிய வேர் தெரியும் வரை தோண்டி, துளைக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு மூடவும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள். அங்கே தடித்த வேர்தான் இருக்கும், பூஞ்சை நுழைவது மெல்லிய வேரில்.

முதல் ஆறு வாரத்துக்கு என்.பி.கே. 15:15:15 வேண்டாம். நைட்ரஜனுக்கு யூரியா ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், பத்து நாளைக்கு ஒரு முறை, பைக்கு அரை லிட்டர். பாஸ்பேட் அவசியம் என்று தோன்றினால் தோட்டங்களில் போடும் கல் பாஸ்பேட் ஒரு தேக்கரண்டி போதும். அது மெதுவாகக் கரையும், பூஞ்சையைக் கெடுக்காது. ஆறு வாரத்துக்குப் பிறகு பச்சை உரத்தைத் தொடங்கினாலும் வழக்கத்தில் பாதி போடுங்கள்.

பாலிபேக்கை சிமெண்டுத் தரையில் முழு வெயிலில் வைத்தால் கறுப்பு பிளாஸ்டிக் பக்கத்து மண் நண்பகலில் தொட்டால் சுடும். பூஞ்சையும் வேரும் அந்தப் பக்கம் வெந்துபோகும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, வெளிப்பக்கத்துக்குப் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். இலைக்கு வெயில் வேண்டும், பைக்கு வேண்டாம்.

வீட்டிலேயே பெருக்குவது

கடைச் சரக்கைவிட இது நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம், இந்த ஊர்ப் புளிப்பு மண்ணில் ஏற்கெனவே வாழும் பூஞ்சை, குறிப்பாக அக்கௌலோஸ்போரா இனம், புளிப்பைத் தாங்கும். வேறு மண்ணிலிருந்து வந்ததுக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

தாய்மண் எடுக்க ஏற்ற இடம், உரமும் களைக்கொல்லியும் படாமல் பூரேரியா கொடியோ லாலாங் புல்லோ பல வருடமாக மூடிக் கிடக்கும் ஓரம். மேல்சருகை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மெல்லிய வேரோடு சேர்த்து மண்ணை அள்ளுங்கள். அடிமரத்தில் கனோடெர்மா (தண்டை அழுகவைக்கும் பூஞ்சை) தட்டு முளைத்த செம்பனை, வேரில் வெள்ளை நூல்கயிறு படர்ந்த பால்மரம், வாடிச் செத்த மிளகாய் இவற்றின் பக்கத்திலிருந்து ஒரு பிடி கூட எடுக்காதீர்கள். நோயையும் சேர்த்துப் பெருக்குவீர்கள்.

தாய்மண் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) மணல் இதற்குக் கச்சிதம். சத்தே இல்லாததால் செடி பூஞ்சையைத் தேடியே ஆக வேண்டும். மணலை மட்டும் முதலில் ஆவியில் வேகவைக்கவும்: தகர டின்னின் அடியில் தண்ணீர், மேலே தட்டில் ஈர மணல், மூடி போட்டு ஒரு மணி நேரம். மறுநாள் இன்னொரு முறை. தாய்மண்ணை வேகவைத்துவிடாதீர்கள், பூஞ்சை இருப்பது அதில்தான்.

பத்துக் கிலோ கலவை கொள்ளும் பையில் ஐந்தாறு சோள விதை, கூடவே பூரேரியா விதை. பூரேரியா விதைத்தோல் கெட்டி. கொதிநீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து அதில் போட்டு ஓர் இரவு விடவும். சோள விதை இளஞ்சிவப்புப் பூச்சோடு வந்தால் அது பூஞ்சைக்கொல்லி. அதை விதைத்தால் பூஞ்சையை அழைத்து வந்து விஷம் வைத்த மாதிரி ஆகும். பூச்சு இல்லாத விதையாகத் தேடுங்கள்.

பை நல்ல வெயிலில், ஆனால் கனமழை நேராகக் கொட்டாத இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் மூச்சில்லாமல் வேரும் பூஞ்சையும் சேர்ந்து அழுகும். மூன்றாம் வாரத்திலிருந்து யூரியாவும் பொட்டாஷும் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு குவளை. பாஸ்பேட் அறவே கிடையாது. சோளம் இளைத்து, வெளிறித் தெரியும். பரவாயில்லை, நாம் வளர்ப்பது சோளத்தை அல்ல.

12 முதல் 16 வாரத்தில் தண்டை மண்மட்டத்தில் வெட்டி, தண்ணீரை நிறுத்துங்கள். பத்திலிருந்து பதினான்கு நாள் காய விடவும். சாப்பாடு குறைவதை உணர்ந்து பூஞ்சை ஸ்போரை அதிகமாக விடும். இப்படிக் காயவிடுவதைத் தவிர்த்து அவசரமாக அள்ளுபவர்கள் பாதி பலனை இழக்கிறார்கள். பிறகு பையைக் கவிழ்த்து, வேரை உதறி, கத்தரிக்கோலால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி அதே மணலில் கலக்கவும். நிழலில் உலர்த்தித் துணிப்பையிலோ காகிதப்பையிலோ, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் ஒரு வாரத்தில் நாறும். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள்.

இது கடைத்தூளைவிட நீர்த்த சரக்கு. விதைக் குழிக்கு ஒரு தேக்கரண்டி, மிளகாய்ப் பைக்கு இரண்டு மேசைக்கரண்டி, மரக்கன்றுக் குழிக்கு இரண்டு கைப்பிடி. அடுத்த பைக்குத் தாய்மண்ணாக ஒரு பங்கை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததா என்று பார்க்க

பூஞ்சை ஏறிய வேர் வெறும் கண்ணுக்கு ஒன்றும் காட்டாது. வேர்மேல் பஞ்சு மாதிரி வெள்ளை தெரிந்தால் அது வேறு ஏதோ. இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூட வசதி இருந்தால், ஆசிரியர் மேற்பார்வையில் கையுறையும் கண்ணாடியும் போட்டு இப்படிப் பார்க்கலாம்: மெல்லிய வேரைக் கழுவி, 10 விழுக்காட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிறம் வெளுக்கும் வரை சூடாக்கவும். நன்றாக அலசி, 95 மில்லி வினிகரில் 5 மில்லி கறுப்பு ஊற்றுப்பேனா மை கலந்து அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிடவும். பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம். நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெளிறிய வேருக்குள் கருநீல நூல்களும், அவற்றின் நுனியில் திராட்சை விதை வடிவ உருண்டைகளும் தெரியும். அவை தெரிந்தால் வேலை நடக்கிறது.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. ஒரே நாளில் பத்துப் பை. ஐந்தில் தூள், மற்ற ஐந்தில் அதே தூளை வேகவைத்து ஆறவிட்டது. மற்றதெல்லாம் ஒன்றே. வேர் பற்ற மூன்று நான்கு வாரம் ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உயரத்திலும் இலை நிறத்திலும் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே பாஸ்பேட் மிகுதி.

டிரைக்கோடெர்மாவைச் சாணத்தில் ஏற்றுவது

நூறு கிராம் டிரைக்கோடெர்மா தூள், பத்துக் கிலோ நன்றாக மட்கிய சாணம். பிடித்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி, மூன்று நாளைக்கு ஒரு முறை கிளறவும். பத்துப் பதினைந்து நாளில் வெள்ளையும் பச்சையுமாகப் படரும். செடிக்கு இரண்டு கைப்பிடி. பச்சைச் சாணமோ புதுக் கோழி எருவோ சூடேறி இதைக் கொன்றுவிடும்.

தூள் மிச்சப்பட வேண்டுமானால் சோற்றில் வளர்க்கலாம். அரைவேக்காட்டுச் சோறு 200 கிராமை வெப்பம் தாங்கும் பையில் போட்டு, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வைத்து, முழுவதும் ஆறியபின் அரைத் தேக்கரண்டி தூள் தூவி, வாயைப் பஞ்சால் அடைத்து, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் வெளியிலிருந்து பிசைந்து விடவும். ஏழாம் நாளுக்குள் கரும்பச்சை. கறுப்பு, மஞ்சள், ரோஸ் நிறம் வந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ பிரிக்காமல் எறிந்துவிடுங்கள். ரொட்டியில் வந்த பச்சைப் பூசணத்தை டிரைக்கோடெர்மா என்று எடுத்து வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நுரையீரலுக்கு ஆபத்தான இனமாகவும் இருக்கலாம்.

மைக்கோரைசாவையும் இதையும் ஒரே குழியில் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். டிரைக்கோடெர்மா மற்றப் பூஞ்சையின் இழையைத் தாக்கும் குணம் உள்ளது. நடும்போது மைக்கோரைசா, மூன்று வாரம் கழித்து டிரைக்கோடெர்மாச் சாணம். கார்பெண்டாசிம், பெனோமில் வகை மருந்தை மண்ணில் ஊற்றினால் இரண்டுமே போகும்.

டிரைக்கோடெர்மா நோய் வருமுன் காக்கும் சரக்குதான். நாற்றழுகலையும், தண்டடியில் வெள்ளை நூலும் கடுகு மாதிரி உருண்டையுமாக வரும் அழுகலையும் தடுக்க உதவும். ஆனால் இலை பச்சையாக இருக்கும்போதே செடி ஒரே நாளில் துவண்டால், தண்டை வெட்டி, வெட்டிய நுனியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தப் பூஞ்சைத் தூளும் காப்பாற்றாது. செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி வைக்காதீர்கள்.

செம்பனை வைத்திருப்பவர்கள் கேட்பது கனோடெர்மா பற்றி. அடிமரத்தில் தட்டு முளைத்துவிட்டது என்றால் உள்ளே தண்டு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும். தூள் போட்டு மீளாது. அடியில் மண் அணைத்தால் இன்னும் கொஞ்ச காலம் காய்க்கும், அவ்வளவே. மறுநடவின்போது பழைய அடிக்கட்டையையும் வேர்க்கட்டியையும் தோண்டி எடுப்பதுதான் முதல் வேலை. மைக்கோரைசாவுக்கு இடம் நாற்றங்காலில்: சிறிய பையிலிருந்து பெரிய பாலிபேக்குக்கு மாற்றும்போது, சுமார் மூன்று மாதக் கன்றில், வேர்க்கட்டியைச் சுற்றித் தூவுவது. நாற்றங்காலில் 15:15:6:4 உரத்தை அட்டவணைப்படி கொட்டிக்கொண்டே பூஞ்சையும் போட்டால் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

மிளகாய் காய்த்து ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்காதீர்கள். மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, அதே வாரம் அதே பையில் பயற்றங்காய் விதையை ஊன்றுங்கள். பழைய வேரில் இருக்கும் பூஞ்சை புது வேருக்குத் தாவிக்கொள்ளும், தூள் வாங்க வேண்டியதில்லை. இடையில் ஒரு போகம் சாவி போட்டால் அந்த நாட்களில் பூஞ்சைக்குச் சோறு இல்லை. அடுத்த மிளகாய்க்கு மறுபடி இரண்டு தேக்கரண்டி போட்டே தொடங்க வேண்டும்.